டிவிஷன் இறங்கினாலும் வேலை போகாத ஊர்: யூலியன் ஷூஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யூலியன் ஷூஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 கோடையில் நீங்கள் ஜெர்மன் கால்பந்து கிளப்பான ஃப்ரைபுர்க்கின் பயிற்சியாளர் ஆனதிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். பன்னிரண்டரை வருஷம் கிறிஸ்டியன் ஷ்ட்ரைக் இருந்த இடத்தை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று. எனக்கு அந்தக் கேள்வி சலித்துவிட்டது. உங்களுக்கு முன்னால் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் வேறொரு விஷயம்தான் கண்ணில் படுகிறது.

1993-ல் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவுக்கு ஏறிய உங்கள் கிளப், அதற்குப் பிறகு நான்கு முறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருக்கிறது: 1997, 2002, 2005, 2015. நான்கு முறையும் பயிற்சியாளரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இதே ஜெர்மனியில்தான் ஷால்க்கே கிளப் 2020-21 என்ற ஒரே சீசனில் வாக்னர், பவும், ஷ்டீவன்ஸ், குரோஸ், கிராமோஸிஸ் என்று ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தது. ஐந்தாமவர் வந்த பிறகும் கடைசி இடம்தான்.

ஆரம்பம் ஃபோல்கர் ஃபிங்கே. வடக்கே நோர்டர்ஷ்டெட் என்ற சின்னக் கிளப்பிலிருந்து 1991-ல் வந்த பள்ளி ஆசிரியர். அழைத்து வந்தவர் தலைவர் ஆஹிம் ஷ்டாக்கர், வரித்துறை அதிகாரி. அணி ஆடும்போது நேரில் உட்கார்ந்து பார்க்கக்கூடத் தாங்காத மனிதர் என்பார்கள். ஆனால் முடிவெடுப்பதில் அந்தப் பதற்றம் இல்லை. 1994-ல் கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்று, கோல் வித்தியாசத்தில் நியூரம்பெர்க்கைத் தாண்டித்தான் ஃபிங்கே இறக்கத்திலிருந்து தப்பித்தார். அடுத்த வருஷமே மூன்றாம் இடம், சாம்பியன் டார்ட்முண்டுக்கு மூன்றே புள்ளி பின்னால். குட்டைப் பாஸ்களால் ஆடிய அந்த அணியை 'பிரைஸ்காவ் பிரேசிலியர்கள்' என்று பத்திரிகைகள் கொண்டாடின (பிரைஸ்காவ் என்பது ஃப்ரைபுர்க் இருக்கும் வட்டாரம்). ட்ரைசாம் ஆற்றோரம் இருந்த அந்தப் பழைய மைதானமோ வழக்கமான நீளம்கூட இல்லாதது. ஒரு கோலுக்கும் மறு கோலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிவு வேறு. பிரேசில்காரர்கள் மேட்டை நோக்கி ஆடுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஃபிங்கே மூன்று முறை இறங்கினார், அதில் இரண்டு முறை திரும்ப ஏற்றிவிட்டார். மொத்தம் 16 வருஷம். ஜெர்மன் தொழில்முறைக் கால்பந்தில் ஒரே கிளப்பில் இடைவிடாமல் இவ்வளவு நாள் இருந்த பயிற்சியாளர் அதுவரை வேறு யாரும் இல்லை; 2023-ல்தான் ஹைடன்ஹைம் கிளப்பின் ஃபிராங்க் ஷ்மிட் அதைத் தாண்டினார். இதைப் பாசம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது சுத்தமான கணக்கு என்றுதான் தோன்றுகிறது. கையில் இருக்கிற காசுக்கு அவ்வப்போது இறங்கத்தான் செய்வோம், ஆளை மாற்றினால் நஷ்டஈடும் சேர்த்துக் கட்டிவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சமான பணம் எங்கே போனது என்பதற்கு 2001-ல் திறந்த இளைஞர் கால்பந்துப் பள்ளி சாட்சி.

சரி, பொறுமைக்கும் ஒரு எல்லை வந்தது. 2006 முடிவில், இரண்டாம் டிவிஷனிலும் அணி அடியில் கிடந்தபோது, சீசனோடு ஃபிங்கே விலகுவார் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அணி வெறிகொண்டு ஜெயித்து நான்காம் இடம் வந்தது. கோல் வித்தியாசத்தில்தான் ஏற்றம் கைநழுவியது. 'நாங்கள்தான் ஃபிங்கே' என்று ரசிகர்கள் இயக்கம் நடத்தியும் முடிவு மாறவில்லை. அடுத்து வந்த ராபின் டுட் 2009-ல் ஏற்றிவிட்டு, 2011-ல் லெவர்குசன் கூப்பிட்டதும் கிளம்பினார்.

அப்புறம் மார்குஸ் ஸோர்க். உங்கள் கிளப்பின் பொறுமையைப் புகழ்கிறவர்கள் இந்தப் பெயரை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 17 ஆட்டம், 13 புள்ளி, கடைசி இடம். 2011 டிசம்பர் 29 அன்று கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே கதை முடிந்தது. அவரிடம் உதவியாளராக இருந்த ஷ்ட்ரைக்கே பொறுப்பேற்றார். ஜனவரியில் கோல் அடிக்கும் ஆளான சிஸ்ஸேயை நியூகாசிலுக்கு விற்றார்கள், மூத்த வீரர்கள் சிலரைக் கழற்றிவிட்டார்கள். ஷ்ட்ரைக்கின் முதல் ஆட்டத்திலேயே, 18 வயது முடிந்து இரண்டு நாளான மத்தியாஸ் கின்டர் மாற்று ஆளாக இறங்கி ஆக்ஸ்பர்க்குக்கு எதிராக வெற்றி கோல் போட்டான். அணி 12-ம் இடத்தில் முடித்தது. ஸோர்க்கும் கெட்டுப்போகவில்லை. பின்னாளில் ஜெர்மன் தேசிய அணியில் தலைமைப் பயிற்சியாளர் லோவின் உதவியாளரானார். 2019-ல் லோவ் வர முடியாதபோது அவர் இடத்தில் நின்று எஸ்டோனியாவை 8-0 என்று ஜெயித்துக் காட்டினார்.

ஷ்ட்ரைக்கின் காலம் என்றால் எல்லோரும் 2022 ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தைச் சொல்வார்கள், லைப்சிக்கிடம் பெனால்டியில் தோற்றது. நான் 2015 மே மாதத்தைச் சொல்வேன். கடைசிக்கு முந்தைய வாரம் பேயர்னை 2-1 என்று வீழ்த்தி 14-ம் இடம். ஒரே வாரத்தில் ஹன்னோவரில் அதே 2-1 கணக்கில் தோற்று 17-ம் இடம், இறக்கம். பியூர்கி, மெமெடி, டரிடா என்று நல்ல ஆட்களெல்லாம் போனார்கள். ஷ்ட்ரைக் போகவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நில்ஸ் பீட்டர்சன் இரண்டாம் டிவிஷனிலும் இருந்து 21 கோல் அடித்தார். 2016-ல் முதலிடத்தோடு திரும்பி வந்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2008 முதல் 2018 வரை அதே சட்டையில் ஆடியவர் நீங்கள். டுட், ஸோர்க், ஷ்ட்ரைக் மூவரிடமும் ஆடியிருக்கிறீர்கள். அப்புறம் இளைஞர் அணிகளுக்கும் முதல் அணிக்கும் நடுவே இணைப்புப் பயிற்சியாளர். முதல் சீசனிலேயே ஐந்தாம் இடம். கடைசி நாளில் ஃபிராங்ஃபர்ட்டை வென்றிருந்தால் சாம்பியன்ஸ் லீக்கே கிடைத்திருக்கும்.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. 2021-ல் திறந்த புது மைதானத்தில் 34,700 பேர் பார்க்கலாம். ஐரோப்பிய ஆட்டங்கள் பழகிப்போய்விட்டன. 'இறங்கினால் என்ன, ஏறுவோம்' என்ற பழைய கணக்கு ஏழைக் கிளப்பின் கணக்கு. வசதி வந்த பிறகும் அது செல்லுபடியாகுமா என்பதை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு நவம்பரில் நீங்கள் 17-ம் இடத்தில் நிற்கும்போதுதான் தெரியும். பந்தயம் கட்டச் சொன்னால் கிளப் உங்களை வைத்துக்கொள்ளும் என்றுதான் கட்டுவேன், ஆனால் பெரிய தொகை கட்டமாட்டேன்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நிருபர்கள் ஷ்ட்ரைக்கைப் பற்றிக் கேட்டால் ஸோர்க்கைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள். அந்த 13 புள்ளி நாட்களில் வீரர்கள் அறையில் என்ன பேச்சு ஓடியது, பயிற்சியாளர் எப்போது அணியை இழந்தார், அல்லது இழக்கவே இல்லையா? அதை உள்ளே இருந்து பார்த்துவிட்டு இப்போது அதே வேலையில் இருப்பவர் நீங்கள்தான்.

அன்புடன்,
தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் ஒரு ரசிகன்