வெயிட் மெஷினை மட்டும் நம்பாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உடற்பயிற்சின்னு எழுதுனாலே உடனே எத்தனை கிலோ குறையும்னுதான் நம்ம பேப்பர்லயும் வருது, அதுல எனக்கு ஒரு சின்ன வருத்தம். நான் ஆறு மாசமா டெய்லி வேகமா நடக்கிறேன், வெயிட் ரெண்டு கிலோகூட குறையல, ஆனா படி ஏறுனா மூச்சு வாங்கறது நின்னுடுச்சு, படுத்தவுடனே தூக்கம் வருது, மனசும் லேசா இருக்கு, இதெல்லாம் எந்த மெஷின் காட்டும் சொல்லுங்க? சாப்பாட்டை மாத்தாம வெறும் எக்சர்சைஸால பெருசா வெயிட் குறையறது கஷ்டம், நிறைய பேருக்கு பசி கூடிடும். ஆனா வெயிட் அப்படியே இருந்தாலும் பிபி, சுகருக்கெல்லாம் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கு வேலை, அதுல இத்தனை கிலோ குறைக்கணும்னு எதுவும் இல்ல. உயரத்தையும் எடையையும் வெச்சு போடற பிஎம்ஐயும் 19-ஆம் நூற்றாண்டுல அடோல்ஃப் கெட்லேங்கிற பெல்ஜியம்காரர் மக்களோட சராசரி பாக்க போட்ட கணக்குதான், அதுக்கு தசை எது கொழுப்பு எதுன்னு தெரியாது. அந்த முன்பு-பின்பு போட்டோ போடறதை தயவுசெஞ்சு குறைங்க சார், அதை பாத்துட்டு ஜிம் பக்கம் போகவே கூச்சப்படற பசங்க இருக்காங்க (எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு).

இப்படிக்கு,
ஒரு வாசகர்