பிபிசிக்கு ஒரு திறந்த மடல்: ஆன்ட்ரூ சாக்ஸின் குரலையும் ஒலிபரப்புங்கள்

பிபிசியில் பழைய நிகழ்ச்சிகளைப் பாதுகாத்து, எதை எப்போது மறுபடி போடுவது என்று முடிவெடுப்பவர்களுக்கு,

வணக்கம். தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் கட்டடத்துக்குள் தமிழ் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். 1941இல் தொடங்கிய உங்கள் தமிழ் ஒலிபரப்பை, எங்கள் தமிழோசையை, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிக் கேட்ட ஆட்கள் நாங்கள். ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். 2017 ஏப்ரலில் அந்த வானொலிச் சேவையை நிறுத்தினீர்கள், அது வேறு கதை. அத்தனை வருடப் பழக்கத்தில் உரிமையோடு ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

விஷயம் ஆன்ட்ரூ சாக்ஸைப் பற்றியது. உங்கள் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’இல் மனுவலாக நடித்தவர் என்றால் உடனே எல்லோருக்கும் தெரியும். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டே பன்னிரண்டு பகுதிகள், கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இன்னும் ஐம்பது வருடத்துக்கு நீங்கள் அதைப் போட்டாலும் ஆட்கள் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன்.

நான் லண்டன் வந்தது 1996இல். முதல் வேலை ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுவது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் வேலை. அங்கே எங்களுக்கு மேலே இருந்த ஒருவர், நாங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ளவில்லை என்றால் அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். அதுவும் விளங்கவில்லை என்றால் இன்னும் சத்தமாக. சத்தத்தைக் கூட்டினால் மொழி வந்துவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். என்னோடு ஒரு அண்ணை வேலை செய்தார், ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்து நிற்பார். வகுப்பில் மாணவன் எழுந்து நிற்பதுபோல. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்து, ஏழு பேர் இருந்த அந்த வாடகை வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மறு ஒளிபரப்பு. முதல் பகுதி. டோர்க்கீ கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல், முதலாளி பாசில் ஃபால்ட்டியாக ஜோன் கிளீஸ், காலைச் சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பார்சிலோனாவில் இருந்து வந்த பரிசாரகர் மனுவல். தட்டுகளில் வெண்ணெய் கூடிப்போய்விட்டது என்று பாசில் சொல்கிறார். ‘ஆன் தோஸ் ட்ரேஸ்’ என்கிறார். மனுவலின் காதில் அது ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதாக விழுகிறது: ஊனோ, தோஸ், த்ரேஸ். பாவம், முதலாளி எங்கள் பாஷையைப் பேசப் பார்க்கிறார், ஆனால் பிழையாகச் சொல்கிறாரே என்று அவரைத் திருத்துகிறார். மரியாதையாக, பொறுமையாக, ஒரு நல்ல வாத்தியார் திருத்துவதுபோல.

அண்ணை சிரித்தார். நான் வந்து ஐந்து மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ‘டேய், இவன் எங்கட ஆள்’ என்றார்.

மனுவல் பாத்திரம் வெளிநாட்டவரைக் கேலி செய்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அந்த வீட்டில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை என்பதை எங்காவது எழுதிவைக்க வேண்டும். அந்த ஹோட்டலில் பொய் சொல்பவர் யார், ஏமாற்றுபவர் யார், வீண் பெருமை பேசுபவர் யார் என்று பாருங்கள். பாசில் குதிரைப் பந்தயத்தில் வென்ற பணத்தை மனைவிக்குத் தெரியாமல் மறைக்கப் பார்க்கும் பகுதி இருக்கிறதே, அதில் ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று மனுவலுக்குச் சொல்லி வைக்கிறார். பிறகு அதே பணத்துக்கு மனுவல் சாட்சி சொன்னால்தான் தப்பலாம் என்ற நிலை வரும்போது மனுவல் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பெருமையாகச் சொல்வார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை அது. அந்த முகத்தில் ஒரு துளிக் கபடம் இருந்திருந்தால் காட்சியே விழுந்திருக்கும். சாக்ஸ் அதில் ஒரு குழந்தையின் நேர்மையை வைத்தார்.

வேறொரு பகுதியில் அவர் கவுண்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்து தன் ஆங்கிலத்தைப் பழகிப் பார்ப்பார், புத்தகத்தில் படித்துக் கற்றேன் என்று சொல்லிக்கொள்வார். கவுண்டரில் இருக்கும் கடமான் தலைதான் பேசுகிறது என்று வயதான மேஜர் நம்பிவிடுவார். எல்லோரும் மேஜரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் அந்தப் புத்தகத்தை நினைத்தோம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, அட்டை கிழிந்து, ஏழு பேர் கைமாறி. கடைசிப் பகுதியில் எலி ஒன்றைச் சைபீரிய வெள்ளெலி என்று நம்பி வளர்ப்பாரே, அதற்கு முதலாளியின் பெயரையே வைப்பாரே, அந்த அன்பையும் சொல்ல வேண்டும். எவ்வளவு அடி வாங்கினாலும் அந்த மனிதருக்கு அன்பு வற்றவில்லை.

அடி என்றதும் நினைவுக்கு வருகிறது. அவை எல்லாமே பொய் அடி இல்லை. ஒரு பகுதியில் கிளீஸ் உண்மையான உலோகச் சட்டியால் அடித்தது பலமாகவே பட்டுவிட்டது, சாக்ஸ் தலை கிறுகிறுத்துப் போனார். சமையலறையில் தீப்பிடிக்கும் காட்சியில் புகை வருவதற்காக அவருடைய உடுப்பில் தடவிய இரசாயனம் கையை எரித்துவிட்டது. அதற்கு நீங்கள் கொடுத்த நட்டஈடு 700 பவுண். இரண்டும் உங்கள் வேலைத்தளத்தில் நடந்தவை. பழி சொல்வதற்காக எழுதவில்லை, அந்தச் சிரிப்பை அவர் என்ன விலை கொடுத்து எங்களுக்குத் தந்தார் என்பதற்காக எழுதுகிறேன்.

பல வருடம் கழித்துத்தான் அவர் யார் என்று தேடிப் படித்தேன். ஸ்பெயின்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 1930 ஏப்ரல் 7இல் பெர்லினில் பிறந்தவராம். தந்தை யூதர், தாய் கத்தோலிக்கர். 1938இல் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து நாஜிகள் தந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் விடுதலையாகி வந்த பிறகு அதே வருடம் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி லண்டனுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு எட்டு வயது. வீட்டு மொழி ஜெர்மன். வாழ்நாளின் பெரும்பகுதி கில்பர்னில் இருந்தார். கில்பர்ன், நான் வேலைக்குப் போய்வந்த அதே ஜுபிலி லைனில் இருக்கும் ஸ்டேஷன். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளாவது இறங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணை சொன்ன சொல் சரியாகப் போய்விட்டது, பாருங்கள். இவன் எங்கட ஆள்தான். சாப்பாட்டுத் தட்டோடு நின்று, பக்கத்தில் ஒருவர் கத்த, ஒன்றும் விளங்காமல் கண்ணை அகல விரித்துப் பார்க்கும் அந்தப் பார்வையை அவர் நடிப்புப் பள்ளியில் மட்டும் கற்றிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். மொழி தெரியாத ஊரில் போய் இறங்கிய பிள்ளைக்கு அந்தப் பார்வை வரும். எனக்கு வந்தது. பாத்திரத்தை ஜெர்மன்காரனாக மாற்றலாமா என்று முதலில் கேட்டாராம், அந்த உச்சரிப்பு தனக்கு இயல்பாக வரும் என்பதால். நல்லவேளை, தொடரைச் சேர்ந்து எழுதிய கிளீஸும் கொனி பூத்தும் ஸ்பெயினை விடவில்லை. (ஸ்பெயினில் மொழிமாற்றிப் போட்டபோது மனுவலை இத்தாலியன் பாவோலோ ஆக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை.)

இனி நான் கேட்க வந்தது.

சாக்ஸ் அடிப்படையில் ஒரு குரல் மனிதர். 1980களில் உங்கள் ரேடியோ 4இல், துப்பறியும் பாதிரியார் ஃபாதர் பிரவுன் ஆக நடித்தவர் அவர். பிறகு கிளைவ் மெரிசன் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்த தொடரில் டாக்டர் வாட்சனாக வந்தார். அவற்றைக் கேட்டால் இந்த மனிதரா அந்த மனுவல் என்று வியப்பாக இருக்கும், அவ்வளவு தெளிவான, சாந்தமான, ஒவ்வொரு எழுத்தும் அதன் இடத்தில் விழும் ஆங்கிலம். எட்டு வயதில் வந்து கற்ற மொழி அது.

இவை எல்லாவற்றையும்விட 1978இல் ரேடியோ 3இல் வந்த ‘தி ரிவெஞ்ச்’. அவரே எழுதி அவரே நடித்த வானொலி நாடகம். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. மூச்சு, ஓடும் காலடி, தண்ணீர், கதவு, இவ்வளவுதான். வானொலியில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், பேச்சையும் எடுத்துவிட்டு ஒரு கதையை முழுதாகச் சொல்லலாம் என்று நம்பி அதைச் செய்து காட்டினார். இரண்டு ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ வரிசைகளுக்கும் நடுவில், ஊர் முழுக்க அவரை அடிவாங்கும் பரிசாரகராக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் செய்தது இது. மொழி இல்லாமலும் ஒரு மனிதனை முழுதாக விளங்கிக்கொள்ளலாம் என்று மனுவலில் சிரிப்பாகச் சொன்னதையே இங்கே சிரிப்பை எடுத்துவிட்டுச் சொன்னார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே என் கோரிக்கை இது. ‘ஃபால்ட்டி டவர்ஸை’ எப்போது மறுபடி ஒளிபரப்புகிறீர்களோ, அதே வாரத்தில் ‘தி ரிவெஞ்ச்’ நாடகத்தையும் ஒலிபரப்புங்கள். ஃபாதர் பிரவுனில் இருந்தும் ஒன்றிரண்டு போடுங்கள். ஆறு மணி நேரத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்த அரை மணி நேரமும் கிடைக்கட்டும். அறிமுகம் சொல்பவர், பெர்லினில் பிறந்து எட்டு வயதில் அகதியாக வந்தவர் இவர் என்று ஒரே ஒரு வரி சேர்த்துச் சொல்லட்டும். அகதி என்ற சொல்லை நாட்டில் எப்படியெல்லாம் உச்சரிக்கிறார்கள் என்று நீங்களும் செய்தியில் தினமும் கேட்கிறீர்கள், நாங்களும் கேட்கிறோம். அந்த ஒரு வரி உங்களுக்குப் பாரமில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரியது.

இன்னொரு காரணமும் உண்டு, சொல்லாமல் விட முடியவில்லை. 2008இல் உங்கள் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இருந்து அவருடைய தொலைபேசியில் விட்ட கேவலமான செய்திகள், அதற்கு வந்த ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள், 150,000 பவுண் அபராதம், உங்கள் மன்னிப்பு எல்லாம் நாடறிந்தவை. அப்போது அவருக்கு 78 வயது. 2016 நவம்பர் 23இல் 86 வயதில் அவர் இறந்தபோதும் அஞ்சலிக் குறிப்புகளில் அது மறக்காமல் வந்தது, நான்கு வருடமாக மறதி நோயோடு இருந்து போன ஒரு மனிதரின் அஞ்சலியில். அவருடைய பெயரோடு பிபிசி என்ற பெயர் சேரும்போது அந்த அழுக்கு முன்னுக்கு வரக் கூடாது, அவருடைய வேலை வர வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள்தான், ஒலிப்பதிவுகள் உங்கள் கையில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. என் அம்மா காலம் கடந்துதான் இங்கே வந்தார். ஆங்கிலத்தில் தேங்க்யூவும் சாரியும் மட்டும் தெரியும். வீட்டில் நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கும்போது ஒரு ஓரத்தில் இருந்து எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். சென்ற மாரியில் ஒருநாள் ‘தி ரிவெஞ்ச்’ நாடகத்தைப் போட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். முதலில் இது என்ன என்று என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். ஓடும் சத்தம் வந்தபோது சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தார். முடியும்வரை அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆர் துரத்தினது, எங்கே ஒளித்தான், எந்த இடத்தில் மூச்சு மாறினது என்று ஒன்று விடாமல் எனக்குக் கதை சொன்னார். இந்த நாட்டில் ஒரு நாடகத்தை அவர் எனக்கு விளங்கப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

‘உதைச் செய்த பிள்ளை ஆர்?’ என்று கேட்டார். சொன்னேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நேயர் ஒருவர்,
வெம்பிளி, லண்டன்