மொட்டை மாடியில் ஒரு வளையம்

மந்தைவெளி,
சென்னை.

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து நிம்மதி அடைந்தேன். நான் ஹூலா ஹூப் என்னும் வளையத்தை இடுப்பில் சுழற்றுகிறேன் என்று உன் தங்கை மகள் சொன்னபோது முதலில் நம்பவில்லை என்றும், நம்பிய பிறகு வெகுநேரம் சிரித்தாய் என்றும் எழுதியிருக்கிறாய். சிரிப்பு இருக்கட்டும். கடைசி வரியில் "நானும் பழகலாமா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நடைப்பயிற்சியை நான் விட்டுவிடவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு இன்றும் போய்வருகிறேன். ஆனால் அங்கே கால்கள் ஒரு பக்கம் நடக்க, மனம் மகனின் வீட்டுக்கடன், குடியிருப்புச் சங்கத்துச் சண்டை என்று தன் போக்கில் அலைந்துகொண்டிருக்கும். வளையத்திடம் அந்தச் சலுகை கிடையாது; கவனம் ஒரு கணம் பிசகினாலும் அது நழுவித் தரையில் விழுந்துவிடும். இந்த வயதில் உடம்பு புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறது என்பதும், நேற்றுவரை வலப்பக்கம் மட்டும் சுழன்றது இன்று இடப்பக்கமும் சுழல்கிறது என்பதும் எனக்குத் தரும் உற்சாகத்தை எடை பார்க்கும் இயந்திரம் ஒருநாளும் தந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர் தேங்கிப் பூங்காவுக்குப் போக முடியாத நாட்களில், கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டால் போதும் என்பது கூடுதல் வசதி.

கடைகளில் பிள்ளைகளுக்காகத் தொங்கும் மெல்லிய வண்ண வளையத்தை வாங்கிவிடாதே. அது சிறியது, எடையற்றது. அதனால் மிக வேகமாகச் சுழன்றால்தான் நிற்கும், அந்த வேகத்துக்கு நம் இடுப்பு ஈடுகொடுக்காது. வளையம் பெரிதாகவும் ஓரளவு கனமாகவும் இருந்தால் மெதுவாகச் சுற்றும். அடுத்த தள்ளலைக் கொடுக்க நமக்கு அவகாசம் கிடைக்கும். தரையில் நிமிர்த்தி வைத்தால் தொப்புளுக்குக் கீழே போகாத, மார்பைத் தாண்டாத வளையம் நமக்குச் சரியாக இருக்கும். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முழங்கால்களை இலேசாகத் தளர்த்தி, வளையத்தை முதுகோடு ஒட்டிப் பிடித்து, தரைக்குச் சமமாக ஒரு வீச்சு வீச வேண்டும். அதன் பிறகு இடுப்பை வட்டமாகச் சுழற்ற வேண்டும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் முன்னும் பின்னும் தள்ளினாலே போதும், வட்டத்தை வளையம் பார்த்துக்கொள்ளும். வழுக்கும் பாலியஸ்டர் துணி உதவாது. பருத்திச் சுடிதாரில் நன்றாகப் பிடித்து நிற்கிறது.

அது ஏன் கீழே விழாமல் நிற்கிறது என்பதை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 2025 தொடக்கத்தில் கட்டுரையாக வெளியிட்டார்கள். உருளை, கூம்பு, உடுக்கை என்று வெவ்வேறு வடிவங்களில் சிறு உருவங்களைச் செய்து, இயந்திரத்தால் ஆட்டி, வளையத்தை வீசிப் பார்த்திருக்கிறார்கள். உருளையில் கீழே இறங்கிவிட்டது, கூம்பிலும் நிலைக்கவில்லை. உடுக்கையில் மட்டும் நின்றது. கீழ்ப்பகுதியின் சரிவு வளையத்தை மேலே தள்ளுகிறது, இடையின் வளைவு அதை ஓரிடத்தில் நிலைநிறுத்துகிறது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வங்கி நாற்காலியிலேயே ஆயுளில் பாதியைக் கழித்த எனக்கு உடுக்கை இடை எங்கே என்று நீ கேட்பாய். எஞ்சியிருக்கும் வளைவே போதுமானதாக இருக்கிறது!

பிளாஸ்டிக் வளையத்துக்கு நம்மைவிடச் சற்றுத்தான் வயது அதிகம். ஆஸ்திரேலியப் பிள்ளைகள் மூங்கில் வளையத்தைச் சுழற்றியதைக் கேள்விப்பட்ட ரிச்சர்ட் நெர், ஆர்தர் மெலின் என்னும் இருவர், கலிஃபோர்னியாவிலிருந்த தங்கள் வாம்-ஓ நிறுவனத்தின் மூலம் 1958இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நான்கே மாதத்தில் இரண்டரைக் கோடி விற்றதாகச் சொல்கிறார்கள்.

பலன் என்ன என்று உன் வீட்டுக்காரர் கேட்பார் என்பதால் இதையும் எழுதுகிறேன். கூடுதல் எடையுள்ள 53 பேரை ஆறு வாரம் ஒன்றரைக் கிலோ வளையத்தைச் சுழற்றவும், ஆறு வாரம் நடக்கவும் வைத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை ஃபின்லாந்தில் 2019இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 13 நிமிடம் சுழற்றியதில் இடுப்புச் சுற்றளவு சுமார் 3 செ.மீ. குறைந்தது; நாளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் காலடி நடந்த வாரங்களைவிட வயிற்றுக் கொழுப்பும் அதிகமாகக் கரைந்தது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதால், அந்த 3 செ.மீ. சிறிய விஷயமில்லை.

ஆனால் தொடக்கத்திலேயே ஒன்றரைக் கிலோ வேண்டாம். இலேசான வளையத்திலேயே முதலில் இடுப்பு எலும்பின் மேல் தோல் கன்றிப்போகும். அமிர்தாஞ்சனம் தந்தவர் பெயரில் உள்ள பூங்காவில் நடந்துவிட்டு வந்து, வீட்டில் அந்தத் தைலத்துக்கு வேலை வைக்கிறேன் என்று என் கணவர் கேலி செய்கிறார். உள்ளே முட்கள் போன்ற மேடுகள் உள்ள வளையங்களை நான் தொடவே மாட்டேன். இடுப்பில் பட்டையாக மாட்டி, குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுச் சுழற்றும் புதுமாதிரியும் வந்திருக்கிறது. அது விழாது, விழாத வளையத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். முதுகில் வட்டு விலகல், எலும்புத் தேய்மானம், கர்ப்பப்பை இறக்கம் போன்றவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நீ எப்படியும் உன் முழங்கால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. குதிப்போ ஓட்டமோ இதில் இல்லை என்பதையும் அவரிடம் சொல்.

உனக்கான வளையத்தை நானே செய்து தருகிறேன். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில், தோட்டப் பாசனத்துக்கு விற்கும் கருப்புக் குழாய் சுருளாகக் கிடைக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குப் பத்தரை அடி வாங்கினால் போதும். முனைகளை வெந்நீரில் முக்கி இளக்கி, இணைப்பானைச் செருகி, மேலே துணி டேப்பைச் சாய்வாகச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. டேப்பின் சொரசொரப்பு துணியைப் பிடித்துக்கொள்ளும். மார்கழிக் கச்சேரிகளுக்கு நீ வரும்போது ஆயத்தமாக இருக்கும். தரையிலிருந்து உன் தொப்புள்வரை எத்தனை அங்குலம் என்று அளந்து, டேப் எந்த நிறத்தில் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் சரோஜா