பதினாலாம் அறையிலிருந்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். சாமான்களையெல்லாம் நடுக்கூடத்தில் குவித்து வைத்துவிட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், அதனால் கோவையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. முழங்கால் பரவாயில்லை. இறங்கும்போதுதான் அது என்னைக் கூப்பிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியோடு உட்கார்ந்து பழைய ஹாலிவுட் நடிகை மே வெஸ்டின் படம் பார்த்தேன், அந்தப் பெண் கொட்டாவி விட்டாள், இதற்காகவா அந்தக் காலத்தில் இவளை ஜெயிலில் போட்டார்கள் என்று கேட்டிருந்தாயே, படித்ததிலிருந்து உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். முதலில் ஒரு திருத்தம்: ஜெயிலுக்குப் போனது சினிமாவுக்காக இல்லை, நாடகத்துக்காக. 1926இல் நியூயார்க்கில் அவளே எழுதி நடித்த நாடகம், பெயரே ‘செக்ஸ்’. வேறொரு புனைபெயரில் எழுதினாள். விமர்சகர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். ஏறக்குறைய பத்து மாதம் அமோகமாக ஓடிய பிறகுதான், 1927 பிப்ரவரியில், போலீசுக்கு அது ஆபாசம் என்று திடீரென்று ஞானம் வந்தது! பத்து நாள் தண்டனை, ஐந்நூறு டாலர் அபராதம். நன்னடத்தைக்கு இரண்டு நாளைக் குறைத்ததால் எட்டாவது நாளே வெளியே வந்துவிட்டாள். வந்தவள் முகத்தை மூடிக்கொண்டு போனாளா என்றால் இல்லை. உள்ளே சிறை அதிகாரி வீட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டதையும், ஜெயில் உள்ளாடை முரடு என்று பட்டு உள்ளாடையே போட்டுக்கொண்டதையும் பத்திரிகைக்காரர்களிடம் கதை கதையாகச் சொன்னாள். அதற்கு அடுத்த வருஷம் ‘டயமண்ட் லில்’ நாடகம், அது இன்னும் பெரிய வெற்றி.

நீ பார்த்த படம் அந்த நாடகத்திலிருந்து எடுத்ததுதான், 1933. அதில் அவள் வந்து நிற்பதையும் இடுப்பையும் வைரத்தையும் மட்டும் பார்த்தால் கொட்டாவிதான் வரும், உன் பேத்தியைக் குறை சொல்லமாட்டேன். இன்றைக்குச் சோப்பு விளம்பரத்திலேயே அதைவிட அதிகம் காட்டுகிறார்கள். ஆனால் காதால் பார்க்க வேண்டிய நடிகை அவள். முதல் படத்தில் (1932, அப்போது அவளுக்கு 39 வயது, கதாநாயகிகளை அக்கா வேஷத்துக்குத் தள்ளும் வயது) சின்ன வேஷம்தான் கொடுத்தார்கள், தன் வசனத்தைத் தானே மாற்றி எழுதிக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினாள். அதில் கோட்டு வாங்கி வைக்கிற பெண் அவள் நகையைப் பார்த்து வாய் பிளக்கிறாள். நம் வாய்க்கு மாற்றினால் இப்படி வரும்: “சத்தியமா, என்ன அழகான வைரம்!” அதற்கு இவள், “சத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, கண்ணு.” சொல்லிவிட்டுப் படியேறிப் போகிறாள், அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை உண்டா? காளமேகம் கேட்டிருந்தால் கையைத் தட்டியிருப்பார்.

உனக்கு நம் விடுதி நாள் நாடகம் ஞாபகம் இருக்கிறதா? நீ வேலைக்காரி. “ராத்திரி பத்து மணிக்கு ஐயா எழுதற கணக்கு எனக்குத் தெரியாதா” என்று ஒரு வரி, அதை வார்டன் சிவப்பு மையால் பாதி அடித்துவிட்டார். மேடையில் நீ “ஐயா கணக்கு எழுதறார்” என்று மட்டும் சொல்லி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சும்மா நின்றாய். மண்டபம் அதிர்ந்தது. மறுநாள் வார்டன் என்ன குற்றம் என்று எழுதுவார்? நின்றது குற்றமா? (ஒரு மாதம் வெளியே போக அனுமதி கிடையாது என்றார், அது வேறு விஷயம்.) அதே கதைதான் இவளுக்கும். 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகளை இறுக்கினார்கள், எழுத்தைப் பக்கம் பக்கமாக வாங்கிப் படித்தார்கள். அவர்கள் வெட்டி மகிழட்டும் என்றே சில வரிகளை வேண்டுமென்று பச்சையாக எழுதி வைத்ததாகப் பிற்காலத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். 1937 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஆதாம் ஏவாள் நாடகம். எழுதியது வேறொருவர், நிலையம் படித்து ஒப்புக்கொண்ட எழுத்து. இவள் ஏவாளாக அதை வாசித்த தொனியில் ஊரே கொதித்தது. அந்த நிலையத்தில் அப்புறம் அவள் பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

இந்தத் தணிக்கைதான் அவளைக் கடைசியில் வீழ்த்தியது என்பதும் உண்மை. 1935இல் அமெரிக்காவிலேயே மிக அதிகம் சம்பாதித்தவர்களில் ஒருத்தி, கடனில் தத்தளித்த பாரமவுண்ட் படக் கம்பெனி இவள் படங்களால் மூச்சு விட்டது, ஆனால் பத்து வருஷத்துக்குள் சினிமாவே கிட்டத்தட்ட முடிந்துபோனது.

எனக்கு அவளிடம் எல்லாமே பிடிக்கும் என்று நினைக்காதே. 1978இல், அவளுக்கு 84 வயதானபோது, அதே கவர்ச்சிக்காரியாக அவள் நடித்த ஒரு படம் வந்தது. என்னால் அரைமணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. படங்களில் கறுப்பினப் பெண்கள் அவளோடு நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் எப்போதும் பணிப்பெண்களாகத்தான். இன்னொரு பக்கம், கறுப்பின ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டனும் அவர் குழுவும் தன் படத்தில் வாசித்தே ஆக வேண்டும் என்று 1934இலேயே பிடிவாதம் பிடித்தவளும் இவள்தான். 1927இல் ஆண்களை நேசிக்கும் ஆண்களை வைத்தே அவள் எழுதிய ஒரு நாடகம், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே வரை வரவே முடியவில்லை. எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

உலகம் அவள் உடம்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. போர் விமானிகள் மார்பில் ஊதிக் கட்டிக்கொள்ளும் மிதவைச் சட்டைக்கு ‘மே வெஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள், அகராதியிலேயே ஏறிவிட்டது. ஓவியர் டாலி அவள் உதட்டை சோபாவாக்கினார். அவள் எழுத்தை யார் நினைக்கிறார்கள்? மேலே வந்து என்னைப் பார் என்று அவள் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் வரியைக்கூட, நீ பார்த்த அந்தப் படத்தில் அவள் அப்படிச் சொல்லவில்லை. வார்த்தைகளை முன்னே பின்னே போட்டுத்தான் உலகம் சொல்கிறது. எழுத்தாளருக்கு இதைவிட எரிச்சல் உண்டா?

ஆகவே பேத்தியைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார், இந்த முறை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேள். அவளை அடைத்துவைத்த ஜெயில் இருந்த தீவும் உன் மகள் வீட்டிலிருந்து தூரமில்லை. இப்போது ரூஸ்வெல்ட் தீவு என்கிறார்கள், மன்ஹாட்டனிலிருந்து ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டியில் போகலாம். போனால் ஒரு போட்டோ அனுப்பு. குளிருக்குப் பட்டு போதாது, கம்பளி போட்டுக்கொண்டு போ.

பெயிண்ட்காரர் காபி கேட்கிறார், டம்ளர் எந்த மூட்டையில் இருக்கிறதோ.

உன்
பதினாலாம் அறைக்காரி