குளிசையை நிறுத்தச் சொன்ன வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சென்ற மாதச் சுகாதாரப் பக்கத்தில், "மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஈஸ்ட்ரஜனைக் குளிசை அழித்துவிடும், அதன்பின் மருந்து தேவையில்லை" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி அந்த வரியைக் கத்தரித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார். அதனோடு ஒரு கடதாசி உறை; உள்ளே ஒரு மாதத்துக்கான அந்தக் குளிசை, தமொக்சிபென், ஒன்றுகூடக் குறையவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து அவருக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

தமொக்சிபென் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனை அழிப்பதில்லை, ஐயா. கலத்துக்குள் ஈஸ்ட்ரஜன் அமரவேண்டிய புரதமான வாங்கியில் (receptor) முந்திப்போய் அமர்ந்துகொள்கிறது. குளிசையை நிறுத்தி அது எழுந்தால் கதிரை பழையபடி ஈஸ்ட்ரஜனுக்குத்தான். நலமான கலத்தில் வாங்கி ஹோர்மோனைப் பற்றி, உரிய மரபணுக்களை எழுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் சிதைக்கப்படும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதமானவை இந்த வாங்கியைக் கொண்டவை. அதன் தயவில் பெருகுபவை. மார்பில் தடையாக நிற்கும் அதே குளிசை, மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பில் ஈஸ்ட்ரஜன் போலவே வேலை செய்து எலும்பைக் காக்கிறது. கருப்பையிலோ உட்சுவரைத் தடிக்கவைக்கும். அதனால்தான் இரத்தம் கண்டால் உடனே வரச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட மருந்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

ஐந்து வருடம் ஒழுங்காக எடுத்தால், வாங்கி உள்ளவர்களில் இந்நோயால் வரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எனக்கு இது நான்காவது வருடம். நள்ளிரவில் உடம்பு தணலாகக் கொதிக்கும். கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து படுப்பேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

போரால் யாழ்ப்பாணத்தில் நடந்த 1995 ஐப்பசி இடப்பெயர்வைத் தாங்கள் அறிவீர்கள். என் அம்மா மார்பில் கட்டியோடு தென்மராட்சிக்கு நடந்தார். இந்தக் குளிசை உலகத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது, அம்மாவுக்கு வரவில்லை. கட்டியில் வாங்கி இருந்ததா என்று பார்க்கவும் ஆளில்லை. இன்று கைக்கு வந்த மருந்தைத் தங்கள் பத்திரிகை தட்டிவிடலாமா?

முன்பொருமுறை 'வாங்கி' என்பதை 'வங்கி' என்று அச்சிட்டீர்கள். திருத்தி எழுதி அனுப்பினேன், பதிலில்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்த வேண்டாம் என்று, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள். கத்தரித்து அந்தக் கொப்பிக்குள் நானே வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கோண்டாவில்.