சுளுக்கிய காலை உடனே உருவிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டால், பாசி படிந்த படிக்கட்டிலும் குழி விழுந்த சாலையோரத்திலும் கால் பிசகிக் கணுக்கால் வீங்கியவர்கள் இயன்முறை மருத்துவர்களாகிய எங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்களில் பலர், அடிபட்ட அன்றே சூடான எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்து, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து, வீக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வருவது வேதனை அளிக்கிறது.

பாதம் உட்பக்கமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கத்து ஜவ்வு இழுபடுகிறது அல்லது கிழிகிறது. உடன் சிறு இரத்தக் குழாய்களும் அறுபட்டு உள்ளே கசிகின்றன. அந்த நேரத்தில் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் கசிவை அதிகமாக்கும். நம் வீட்டு வைத்தியத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஒத்தடத்துக்கும் இதமான தேய்ப்புக்கும் உரிய காலம் வீக்கம் வடியத் தொடங்கிய பிறகுதான். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றினால் போதும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும். வலி மிகுந்தால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அது புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது.

வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பதும் சரியன்று. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்து, சிறிது சிறிதாக ஊன்றி நடக்கப் பழகுவதே மூட்டு இறுகிப்போகாமல் காக்கும்.

எல்லா வீக்கத்தையும் சுளுக்கு என்று எண்ணிவிடவும் கூடாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளின்படி, அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாதவருக்கும், கணுக்கால் எலும்பு முனையிலோ அதன் பின்விளிம்பிலோ தொட்டால் வலிப்பவருக்கும் எக்ஸ்ரே அவசியம். எலும்பு முறிந்த காலை உருவிவிட்டால் ஏற்படும் கேட்டைப் பிறகு சரிசெய்வது கடினம்.

மாணவர்கள் அடிபடும்போது அருகில் இருப்பவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களே. கட்டுப் போடும் முறையையும் இந்த நான்கு அடிச் சோதனையையும் அவர்களுக்குக் கற்றுத்தரப் பள்ளிக்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சி.