முறிகண்டியில் குறையும் சத்தம்

ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டும் உரிமையாளர்கள், சாரதிமார், நடத்துநர்மார் அனைவருக்கும்,

வணக்கம்.

பஸ்ஸுக்குள் போடும் பாட்டின் சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பாட்டை நிற்பாட்டச் சொல்லவில்லை. பக்கத்து சீற்றில் இருப்பவர் சாதாரணமாகக் கதைத்தால் மற்றவருக்குக் கேட்க வேண்டும். அந்த அளவு காணும். வாயால் சொல்லிப் பார்த்தவர்கள் பலர். சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை, கேட்காததன் காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும். அதனால் எழுத்தில் தருகிறேன்.

போன கிழமை என் சின்னம்மா வவுனியாவில் கிளினிக் முடித்துவிட்டு உங்கள் பஸ் ஒன்றில் ஏறினார். எந்த பஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பஸ்ஸை மட்டும் குற்றம் சொன்னால் மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். சின்னம்மாவுக்கு 2009 போருக்குப் பிறகு இடது காது கேட்பதில்லை. வலது காது கேட்கும், ஆனால் எந்நேரமும் அதற்குள் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் என்பார். ஏன் என்று இந்தத் தடத்தில் ஓடுகிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பயணிகளில் எத்தனை பேருக்கு அப்படி என்பதை என்னைவிட நீங்கள்தான் கூடக் கண்டிருப்பீர்கள். அவருக்கு இடம் கிடைத்தது பின்பக்கம், பாட்டுப் பெட்டிக்கு நேர் கீழே, வலது காதுப் பக்கம் பெட்டி. எழும்பி வேறு இடம் போக இடமில்லை. கனகராயன்குளம் தாண்டியதும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சீலைத் தலைப்பால் காதைப் பொத்தியிருக்கிறார். நடத்துநர் தம்பியிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாராம். தம்பி சிரித்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார். என்ன விளங்கியதோ, சத்தம் குறையவில்லை.

அவர் இறங்க வேண்டியது பனிக்கன்குளத்தில். முன்கூட்டியே எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு "இறக்கம், இறக்கம்" என்று கத்தியிருக்கிறார். பஸ் நிற்கவில்லை. இடையில் இருந்த ஒரு பெடியன் பஸ் தகட்டில் அடித்து, அது சாரதிக்குக் கேட்டு நிற்கும்போது கொக்காவில் வந்துவிட்டது. கையில் மருந்துப் பை, உச்சி வெயில், நிற்க நிழலில்லை. இறங்கும்போது நடத்துநர் சொன்ன வார்த்தைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

"அம்மா, இறக்கம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே."

எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அதற்கும் காசு கொடுத்து, திரும்பி வந்தார். அந்த பஸ்ஸிலும் அதே சத்தம்தான்.

பாட்டு வேண்டாம் என்று சொல்கிற ஆட்கள் இல்லை நாங்கள். அதை நீங்கள் நம்ப வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி தடை செய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட சனம் இது. எங்கள் வீட்டில் சுற்றுவது அப்பா. செய்திக்கு வேகமாகச் சுற்றுவார், பாட்டு வந்தால் கை சோர்ந்துவிடும். கசற் என்றால் கை சோரப் பாடகர் குரலும் இழுபடும். அப்படிக் கேட்டும் பாட்டை விடவில்லை. றெக்கோடிங் பாரில் ஒரு கொப்பித்தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருப்போம். 60 நிமிடக் கசற் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு எப்போதும் சரணத்தில் அறுந்துவிடும். அந்தக் கசற்றுகள் ஊர் முழுக்கச் சுற்றும். யாருடைய பட்டியல் நல்லது என்று சண்டையும் வரும். கேட்க விருப்பமானவர் கேட்டு வாங்கிப் போவார். விருப்பமில்லாதவரின் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்து யாரும் போடவில்லை.

இப்போது அந்தப் பட்டியல் என் போனுக்குள் இருக்கிறது. உங்கள் பஸ்ஸில் போவதற்கென்றே செய்து வைத்த பட்டியல் ஒன்றும் உண்டு. காலைப் பயணத்துக்கு நாதஸ்வரம், அதன் பின்னால் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். பழைய பதிவு, இரைச்சல் கொஞ்சம் இருக்கும், ஆனாலும் அந்தக் கைக்கு ஈடில்லை. மாங்குளம் தாண்டிக் காடு தொடங்கும்போது இளையராஜாவின் எழுபதுகளின் கடைசி வருடப் பாட்டுகள். அவர் 1976இல் வந்தவர், முதல் நாலைந்து வருடத்தில் செய்ததற்கே என் பட்டியலில் பாதி இடம். வெயில் ஏறி எல்லாரும் தூங்கி விழும் நேரத்துக்கு எங்கள் நாட்டுப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் கேட்டுக்கொண்டு யாரும் தூங்க முடியாது. பின்னேரம் வீடு திரும்பும்போது பி. சுசீலா மட்டும். மழை நாளில் பட்டியல் கிடையாது. கண்ணாடியில் விழும் சத்தமே காணும், நீங்கள் விட்டால்.

இந்தப் பட்டியலை ஒரு நாளாவது ஒழுங்காகக் கேட்டேனா என்று கேளுங்கள். இயர்போனைப் போட்டால் தவிலுக்கு மேலே உங்கள் பேஸ் அடிக்கிறது. நான் சத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் போன், இதற்கு மேலே போனால் காதுக்குக் கூடாது என்று எச்சரிக்கை காட்டுகிறது. கையில் இருக்கிற போனுக்கு என் காதில் உள்ள அக்கறை, நான் காசு கொடுத்து ஏறிய பஸ்ஸுக்கு இல்லை.

போன் சும்மா மிரட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகி, காது தாங்கும் நேரம் பாதியாகிறது. உட்காதில் சத்தத்தைப் பிடிக்கிற நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி உங்கள் பஸ்ஸின் நடுச் சீற்றில் இருந்து பார்த்தேன். போன் அளவு துல்லியம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் முள் 90க்குக் கீழே வர மறுத்தது. தினமும் வேலைக்குப் போய் வருகிற எங்களுக்கு அந்த 4 மணித்தியாலம் கிழமை முடியும் முன்பே தீர்ந்துவிடும். நாங்களாவது இறங்கிப் போய்விடுகிறோம். காலை முதல் இரவு வரை அதே பெட்டிகளுக்குக் கீழே இருப்பது சாரதி அண்ணையும் நடத்துநர் தம்பியும்தான். பஸ் நின்று, பாட்டும் நின்ற பிறகுகூட அந்தத் தம்பி கத்தித்தான் கதைக்கிறார். கவனித்திருக்கிறீர்களா? இருபது வயதுகூட இருக்காது.

அளவு கீழே இறங்கிய இடம் ஒன்று உண்டு. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி.

அங்கே பஸ் வேகத்தைக் குறைக்கிறது, சாரதியின் கை தானாகப் போகிறது, பேஸ் அடங்குகிறது. யாரோ இறங்கித் தேங்காய் உடைக்கிறார், கச்சான் விற்கிற அக்காவின் குரல் பின் சீற் வரை தெளிவாகக் கேட்கிறது, ஒருவர் திருநீறு பூசிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் மகளின் சோதனையைப் பற்றிக் கதைக்கிறார். அந்தச் சில நிமிடம் பஸ்ஸுக்குள் மனுசர் இருப்பது தெரிகிறது. பிறகு பிள்ளையார் கண்ணுக்கு மறைந்ததும் கை மறுபடி போய்விடுகிறது. பொலிஸ் மறித்தாலும் இதேதான். ஓமந்தையில் சோதனைச்சாவடி இருந்த காலத்திலும் இதேதான், சாவடி தெரியும் முன்பே பாட்டு நின்றுவிடும். ஆகவே குறைக்கிற குமிழ் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அது வேலை செய்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். பிள்ளையாருக்கும் பொலிசுக்கும் கொடுக்கும் மரியாதையில் கால்வாசியை ரிக்கற் எடுத்தவருக்கும் கொடுங்கள். சத்தத்தைக் குறையுங்கள்.

"சனம்தான் பாட்டுக் கேட்குது" என்று ஒரு உரிமையாளர் என்னிடம் சொன்னார். எந்தச் சனம்? விடிய ஐந்தரைக்கு, தூக்கம் கலையாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய், பஸ்ஸின் படத் திரையில் ஒருவன் இன்னொருவனை வெட்டுகிற காட்சியைக் கேட்டாளா? படிப்பிக்கப் போகிற ரீச்சர்மார் கொப்பி திருத்திக்கொண்டு வருவார்கள், அவர்கள் கேட்டார்களா? பெடியள் கேட்பார்கள், உண்மை. அவர்கள் கேட்பது பாட்டு. முதுகுக்குப் பின்னால் திடீரென்று திம் என்று ஒரு அடி விழுந்தால் இந்த ஊரில் சிலருக்கு உடம்பு குலுங்கும். அதைச் சத்தமாகச் சொல்ல அவர்கள் விரும்புவதில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும்தான் சத்தம் போடுகிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. வன்னியில் அமைதி என்று ஒன்று காட்டுக்குள்ளேதான் மிச்சம். திருவிழாக் காலத்தில் கோயில் குழாய்கள் விடிய நான்கு மணிக்கே எங்களை எழுப்புகின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. அம்மனுக்கு அது இன்னும் அறிவிக்கப்படவில்லைப் போலும். பிறகு லொத்தர் சீட்டு விற்கும் வண்டி வரும், கோடீஸ்வரர் ஆகச் சொல்லி எங்களை அதட்டும். பாண் ஓட்டோ வரும். அதன் தலையில் பீத்தோவன் 1810இல் எழுதிய சின்ன மெட்டு, ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றும். காது கேளாமல் போன மனிதரின் மெட்டைப் பாணோடு சேர்த்து விற்கலாம் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ! கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் போனில் வீடியோ பார்க்கிறார், ஒவ்வொன்றும் பாதியில் அறுந்து அடுத்ததுக்குப் பாய்கிறது, இயர்போன் வாங்கிக் கொடுத்தும் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். உங்கள் பஸ்ஸிலும் இப்போது அப்படி நாலு பேர். உங்கள் பாட்டுக்கு மேலே தங்கள் வீடியோ கேட்க வேண்டும் என்று அவர்களும் கூட்டுகிறார்கள். மிச்சக் காசு விடயத்தை நான் எடுக்கவே இல்லை. ரிக்கற்றின் பின்பக்கம் எழுதித் தந்துவிட்டு, இறங்கும்போது கேட்டால் காது கேட்காதது போல நிற்பதற்கும் அந்தப் பாட்டுத்தான் காரணமென்றால், அப்பவும் சத்தத்தைக் குறைப்பதுதான் வழி.

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கஷ்டமும் எங்களுக்குத் தெரியாதது இல்லை. டீசல் விலை, ரயர் விலை, லீசிங் காசு, அரச பஸ்ஸோடு நேரச் சண்டை. நல்ல செற் போட்டால்தான் பெடியள் உங்கள் பஸ்ஸைத் தேடி ஏறுவார்கள் என்று நினைத்துப் பெருங்காசு போட்டிருக்கிறீர்கள். அந்த செற்றைக் கழற்றச் சொல்லவில்லை. நல்ல செற் குறைந்த சத்தத்தில்தான் இனிமையாகப் பாடும், நம்பாவிட்டால் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். கேட்பது சின்ன விடயம்தான். பேஸ் பெட்டியை அணையுங்கள். பின் சீற்றுகளுக்கு மேலே இருக்கிற பெட்டிகளையாவது அணைத்து விடுங்கள், கேட்க விரும்புகிறவர் முன்னுக்கு இருந்து கேட்கட்டும். வயதானவர் ஏறினால் எங்கே இறக்கம் என்று நடத்துநர் முதலே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். மற்ற நேரமெல்லாம், மறுபடி சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவர் கதைத்தால் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். அப்போது உங்கள் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது, கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் கூட. அதற்கு முன்பு உங்களுக்குள் கூடிக் கதைத்து ஒரு முடிவு எடுத்துத் தந்தால் பெரிய உதவி. போடுவதற்குப் பாட்டு இல்லை என்று யாராவது சொன்னால் என் பட்டியலை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். பென் டிரைவை மட்டும் திருப்பித் தாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
மாங்குளத்தில் ஏறி, கிளிநொச்சியில் இறங்கும் பயணி ஒருத்தி